உறை பற்றி, உறைக்கும்படி!

இந்த வாரம் வந்த கேள்விகளெல்லாம் இடுப்பைச் சுற்றியே. லைசென்ஸ் துப்பாக்கிக்குத் தோல் உறை, அதுவும் கட்டுப்படியாகிற விலையில். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பதை அச்சடித்து ஊருக்கே விநியோகிப்பது புத்திசாலித்தனம் அல்ல. பேட்டை பெயர் மட்டும் போதும்.

ஜெயநகர் வாசகர்: லைசென்ஸுக்கு அலைந்து, .32 ரிவால்வரும் வாங்கியாயிற்று. கையிருப்பு கரைந்துவிட்டது. குறைந்த விலையில் நல்ல லெதர் ஹோல்ஸ்டர் வாங்க எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறீர்கள். பரவாயில்லை, அங்குசத்தில் பேரம் பேச இடமிருக்கிறது.

நான்கு சோதனைகள் போதும். நான்கையும் தோட்டாவை எடுத்துவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை அறைகளைப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். ஒன்று, ட்ரிகர் வெளியே தெரியவே கூடாது. அதைச் சுற்றியுள்ள வளையம் முழுக்கத் தோலுக்குள் இருக்க வேண்டும். இரண்டு, பட்டன் போடாமல் உறையைத் தலைகீழாகப் பிடித்தால் ரிவால்வர் நழுவக் கூடாது. மூன்று, ரிவால்வரை எடுத்த பிறகு உறையின் வாய் சப்பென்று ஒட்டிக்கொள்ளக் கூடாது. நான்கு, பெல்ட் நுழைகிற காதுகள் உங்கள் பெல்ட்டின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்.

இந்த நாலும் தேறினால் மற்றதெல்லாம் அலங்காரம். சிங்க முகம், முதலைத் தோல் அச்சு, பொன்னிற பக்கிள், பக்கவாட்டில் தோட்டா வரிசை என்று காசு ஏறுவது அங்கேதான். பேரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தோலிலும் தையலிலும் கை வைக்காதீர்கள்.

பசவனகுடி வாசகர்: உறையே வேண்டாம், பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். என்ன குடி முழுகிவிடும்?

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 32ஆவது விதியைப் படியுங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் அது அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மறைந்திருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். ஆக, உறை உங்கள் இஷ்டம் அல்ல, சட்டத்தின் நிபந்தனை.

அடுத்தது உடம்பு. சாவிக்கொத்தும் ட்ரிகரும் ஒரே பாக்கெட்டில் குடித்தனம் நடத்தக் கூடாது. சாவி ட்ரிகரில் மாட்டினால் குடி முழுகாமல் போகலாம், தொடை தப்பாது.

ராஜாஜிநகர் வாசகர்: கல்யாணம் காட்சிகளுக்குப் போகும்போது சட்டைக்கு மேலே உறை தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டால் ஒரு மரியாதை இருக்குமே?

மரியாதை வராது, போலீஸ் வரும். மேலே சொன்ன அதே விதிதான்: முழுக்க மறைந்திருக்க வேண்டும். உருவிக் காட்டுவதற்கும் அதே விதியில் தடை இருக்கிறது. உற்சாகத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலோ, 2019 திருத்தச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மொய் அந்த அளவுக்குப் போக வேண்டுமா?

எனவே ஹோல்ஸ்டர் வாங்கும்போது கண்ணாடி முன்னால் நின்று கேட்க வேண்டிய கேள்வி, "எடுப்பாகத் தெரிகிறதா?" என்பதல்ல. "சட்டையை வெளியே விட்டால் மறைகிறதா?" என்பதுதான்.

அல்சூர் வாசகி: என் மாமனார் எம்.ஈ.ஜி.யில் இருந்தவர். அவர் வைத்திருந்த பழைய ராணுவ உறை பரணில் கிடக்கிறது. என் கணவர் அதையே தன் .32 ரிவால்வருக்கு மாட்டிக்கொண்டு திரிகிறார். செலவு மிச்சம்தானே?

அல்சூர் ஏரிக்கரை மதராஸ் சாப்பர்களின் சாமான் என்றால் அதற்கு ஒரு வணக்கம். ஆனால் அளவு வேறு, அம்மா. அந்தக் காலத்து ராணுவ உறைகள் .38 வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களுக்காகச் செய்தவை. அவற்றின் குழல் 5 அங்குலம். இன்றைய கான்பூர் .32 ரிவால்வரின் குழல் சுமார் 3 அங்குலம். அது உள்ளே போய் உருளும், குதிக்கும், திரும்பிப் படுக்கும். மூடியைப் போட்டால் விழாது என்பது உண்மை. ஆனால் உள்ளே ஆடுகிற உலோகம் தையலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

மாமனாரின் உறையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுங்கள். கணவருக்குப் புதிது வாங்கிக் கொடுங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: கடைக்காரர் 'பியூர் லெதர்' என்று சத்தியம் செய்கிறார். தோலா, ரெக்ஸினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்...

கடைக்குள் நெருப்பு வைத்தால் உங்களுக்கு வேறு உறை மாட்டி அழைத்துப் போவார்கள். கண்ணே போதும்.

ஓரத்தில் வெட்டு முனையைப் பாருங்கள். ரெக்ஸின் என்றால் மேலே பிளாஸ்டிக் படலமும் கீழே துணி நூலும் தெரியும். தோல் என்றால் நார் நாராக இருக்கும். அத்துடன் நிறுத்தாதீர்கள், நிறத்தையும் பாருங்கள். குரோம் உப்பில் பதனிட்ட தோலின் நடுவில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் ஓடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. உறைக்கு வேண்டியது இரண்டாவது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். கைப்பைக்கு அது நல்ல குணம், ஹோல்ஸ்டருக்கு ஆகாத குணம். பட்டைத் தோல் நனைத்தால் வளையும், காய்ந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும்.

ஓரத்தில் கறுப்பு மையைத் தடிமனாகப் பூசி வெட்டு முனையை மறைத்திருந்தால், பெல்ட் காதின் துவாரத்துக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே மை பூச யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ஃப்ரேசர் டவுன் வாசகர்: ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே போய்த் தோல் வாங்கி வந்தால் மலிவாக முடியாதா?

பிரியாணி மலிவாக முடியும். தோல் விஷயத்தில் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்து கேட்க வேண்டும். அந்த வட்டாரத்தில் தயாராவது பெரும்பாலும் ஷூவின் மேல்பாகத்துக்கான தோல். மெல்லியது, மிருதுவானது, குரோம் பதனிட்டது. அதில் உறை தைத்தால் ஒரு பருவமழைக்குள் கோணிப்பையாகிவிடும்.

கேட்க வேண்டியது சேணத்துக்கும் பெல்ட்டுக்கும் ஆகிற கெட்டித் தோல், பட்டையில் பதனிட்டது, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாதது. இதில் நம்மவர்கள் பெரிய கைகாரர்கள். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக அனுப்பிய 'ஈ.ஐ. லெதர்' உலகப் பிரசித்தம். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆவாரம்பூவைக் கஷாயத்துக்கு மட்டும் பயன்படுத்துகிற தலைமுறைக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

காக்ஸ் டவுன் வாசகர்: ரெடிமேட் வேண்டாம், தெரிந்த தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைக்கலாம் என்றிருக்கிறேன். துப்பாக்கியை இரண்டு நாள் அவரிடம் விட்டுவிட்டு வரலாமா?

இரண்டு நாள் என்ன, இரண்டு நிமிடம் கூடக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கியை ஒப்படைப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். பாவம், தையல்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

வீட்டிலேயே காலி ரிவால்வரை ஒரு தடித்த அட்டை மீது படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். ட்ரிகர் வளையம், சுழல் உருளை, குழலின் முனை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உருளையின் கனத்தை அளந்து எழுதுங்கள். ரிவால்வர் பீரோவுக்குப் போகட்டும், அட்டை மட்டும் தையல்காரரிடம் போகட்டும். கெட்டிக்காரர் அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொள்வார்.

வேலை நடக்கும்போது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெட்டிய தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குவார். குமிழி வருவது நின்றதும் எடுப்பார். தைத்த உறைக்குள் மரக்கட்டையைத் திணித்து, வழவழப்பான எலும்புத் துண்டால் உருளையின் விளிம்பையும் ட்ரிகர் வளையத்தின் பள்ளத்தையும் தேய்த்துத் தேய்த்து எழுப்புவார். ஈரத் தோலில் விரல் நகம் பட்டாலே கோடு விழும், அதனால் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். பிறகு நிழலில் காயப் போடுவார். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். கூலி கொடுப்பது இந்தத் தேய்ப்புக்கு. பெட்டி போல நேராகத் தைத்துக் கொடுத்தால் அது உறை அல்ல, பை.

மல்லேஸ்வரம் வாசகர்: நான் சுத்த சைவம். தோல் சாமான் தொடுவதில்லை. எனக்கு என்ன வழி?

துப்பாக்கி வைத்திருக்கும் சுத்த சைவமே, வணங்குகிறேன். கைடெக்ஸ் என்று ஒரு கெட்டி பிளாஸ்டிக் இருக்கிறது. சூடாக்கித் துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்ப்பார்கள். மழைக்கும் வியர்வைக்கும் அசையாது, பூஞ்சை பிடிக்காது. குறை என்னவென்றால் சத்தம் போடும், துப்பாக்கியின் மேல்பூச்சைக் கொஞ்சம் உரசும், வயிற்றில் குத்தும். உள்ளே போன வயிறு என்றால் குத்தாது.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்: 'எல்லாக் கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று ஆன்லைனில் ஒரு நைலான் உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

எல்லாருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் பொருந்தாது. கான்பூரின் பழைய .32 ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' பக்கவாட்டில் உருளையைத் திறக்கும். 'அஷானி' ரிவால்வரே அல்ல, தட்டையான பிஸ்டல். மூன்றும் .32தான், ஆனால் மூன்றுக்கும் உடம்பு வேறு. தோட்டாவின் அளவைச் சொல்லி உறை கேட்பவர்களுக்குத்தான் இந்த நைலான் விற்கிறது. மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பது பி.எம்.டி.சி. பஸ் சீட்டுக்குப் பொருந்தும். ட்ரிகருக்குப் பொருந்தாது.

பொம்மனஹள்ளி வாசகர்: தினமும் சில்க் போர்டு சிக்னலில் காருக்குள் தவம். வலது இடுப்பில் இருக்கும் ரிவால்வர் விலாவில் குத்துகிறது. கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிடுகிறேன். சரியா?

சில்க் போர்டில் நிற்கிறவருக்குத் தற்காப்பு தேவையே இல்லை. எதிரியும் அதே டிராஃபிக்கில்தான் நிற்பான். டேஷ்போர்டு கூடவே கூடாது. கண்ணாடி வழியாக எல்லாருக்கும் தெரியும். 'முழுக்க மறைந்து' என்ற விதி அங்கேயே போச்சு. இறங்கும்போது மறந்து வைத்துவிட்டுப் போகிற ஆபத்து வேறு.

உறை பெல்ட்டுக்கு மேலே அதிகம் ஏறியிருந்தால் விலாவில் குத்தும், கீழே இறங்கியிருந்தால் சீட்டில் இடிக்கும். கொஞ்சம் முன்சாய்வாகத் தைத்த உறை உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு நல்லது. இடது பக்கம், கைப்பிடி வலக்கையைப் பார்க்கிற மாதிரி வைக்கும் உறையும் உண்டு. காரில் அதிகம் இருப்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம். அத்துடன் பெல்ட்டைக் கவனியுங்கள். சுமார் 700 கிராம் எடையை ஆபீஸ் பெல்ட் தாங்காது, தொங்கும். ஒன்றரை அங்குல அகலத்தில் கெட்டியான பெல்ட் ஒன்று வாங்குங்கள். சுமாரான உறையும் நல்ல பெல்ட்டில் ஒழுங்காக உட்காரும். சுமாரான பெல்ட் நல்ல உறையையும் கெடுக்கும்.

கோரமங்களா வாசகர்: சினிமாவில் முதுகுக்குப் பின்னால் சொருகிக்கொள்கிறார்களே, அது எப்படி?

அவர்களுக்கு டூப் இருக்கிறார். உங்களுக்கு முதுகெலும்பு ஒன்றுதான். பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்தால் இரும்புத் துண்டின் மேல் விழுவீர்கள்.

இந்திராநகர் வாசகர்: தோளில் மாட்டும் ஷோல்டர் ஹோல்ஸ்டர்?

மேலே கோட் போட வேண்டும். பெங்களூருவில் டிசம்பர், ஜனவரியில் ஜோராக இருக்கும். மார்ச் மாதத்தில் கோட்டோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டு நடந்தால், துப்பாக்கி இருப்பதை அந்தக் கோட்டே சொல்லிவிடும். வார்கள் அதிகம், எனவே விலையும் அதிகம். விடுங்கள்.

ஜே.பி. நகர் வாசகி: சேலை கட்டுகிறவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் யாராவது யோசித்திருக்கிறார்களா? பெல்ட்டே கிடையாது, உறையை எங்கே மாட்டுவது?

துப்பாக்கி செய்தவர்கள் யோசித்தார்கள். 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது. டைட்டானியம் கலவை, அரைக் கிலோ எடை, விலை சுமார் 1.22 லட்சம். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகைப் பெட்டியை யோசித்தவர்கள் இடுப்பை யோசிக்கவில்லை.

உங்களுக்கு வழி கைப்பைதான். விதியும் பையை அனுமதிக்கிறது. ஆனால் லிப்ஸ்டிக், சாவி, சில்லறை கிடக்கும் அறையில் ரிவால்வரைப் போடாதீர்கள். தனி ஜிப் உள்ள அறை, அதற்குள் ட்ரிகரை மூடுகிற சின்ன உறை, அந்த உறை பையோடு சேர்த்துத் தைத்தது என்றிருக்க வேண்டும். பையைத் தோளில் குறுக்காக மாட்டுங்கள். ஓட்டலில் நாற்காலி முதுகில் தொங்கவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள். பை பறிபோனால் பணத்துக்கு மட்டுமல்ல, துப்பாக்கிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பனசங்கரி வாசகர்: மழைக்காலத்தில் உறை மீது வெள்ளையாகப் பூஞ்சை. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்.

தலைக்கு அம்மா சொல்வது சரி. உறைக்குத் தடவினால் அது தளரும்; தளர்ந்த உறை துப்பாக்கியைப் பிடிக்காது. அதன் வாய் உள்ளே மடிந்து, சொருகும்போது ட்ரிகருக்குள் நுழைகிற ஆபத்தும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெளிப்புறம் மட்டும் நிறமில்லாத மெழுகு பாலிஷ், மெல்லிசாக. உள்ளே ஒன்றும் போடாதீர்கள். தொட்டால் துவள்கிற நிலைக்கு வந்துவிட்ட உறைக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போடுங்கள்.

தாமஸ் டவுன் வாசகர்: அதற்கு நேர்மாறு என் பிரச்சினை. புது உறை ஒரே இறுக்கம். இழுத்தால் பெல்ட்டே கையோடு வருகிறது!

நல்ல சகுனம். தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, ரிவால்வரை மெல்லிய பாலிதீன் கவரில் சுற்றி உறைக்குள் அழுத்தி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் உருவினால் வழிக்கு வந்திருக்கும். கவரைக் கழற்ற மறக்காதீர்கள்.

வசந்த்நகர் வாசகர்: இரவில் ஹோல்ஸ்டரோடு அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். பாதுகாப்புதானே?

பூட்டுவது சரி, உறையோடு வைப்பது தவறு. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதிலுள்ள பதனீட்டு உப்பும் அமிலமும் சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். தோட்டா வரிசை வைத்த பெல்ட் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். துப்பாக்கியை லேசாக எண்ணெய்த் துணியில் துடைத்துத் தனியே, தோட்டாவைத் தனியே, உறையைத் தனியே வையுங்கள்.

எடுக்கும்போதும் வைக்கும்போதும்தான் விபத்து. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா வெளியூருக்குக் கிளம்பும் நேரத்தில், லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது கீழே விழுந்து வெடித்துக் காலில் குண்டு பாய்ந்ததாகச் செய்தி வந்தது. சினிமாவில் எத்தனையோ துப்பாக்கிகளிடமிருந்து தப்பியவர். தோட்டா உள்ளே இல்லையென்றால் விழுவது வெறும் இரும்பு.

சாந்திநகர் வாசகர்: தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். உறையையும் கொடுக்க வேண்டுமா?

உத்தரவு துப்பாக்கிக்குத்தான், உறைக்கு ஓட்டும் இல்லை, தடையும் இல்லை. காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற டீலரிடமோ கொடுத்து ரசீது வாங்குங்கள். உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அறிவிப்பிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை தோலுக்குள்ளேயே கிடந்தால், ஆட்சி மாறுகிறதோ இல்லையோ, குழலின் நிறம் மாறிவிடும்.

ஓசூர் வாசகர்: எனக்கு வீடு ஓசூர், தொழில் பெங்களூரு. உறையில் ஒழுங்காக மறைத்து வைத்துக்கொண்டால் அத்திப்பள்ளி தாண்டலாமா?

உறை மறைக்கும், எல்லையை மாற்றாது. உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், அத்திப்பள்ளியில் நிற்கும்போது உங்கள் இடுப்பில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குச் சமம். ஹோல்ஸ்டரைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்.

மடிக்கேரி வாசகர்: எங்கள் குடகில் லைசென்ஸ் தொல்லையே இல்லை தெரியுமா?

தெரியும், பொறாமையும் உண்டு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து உள்ள விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. கைல்பொழ்து பண்டிகையில் துப்பாக்கிக்கு நீங்கள் சூட்டும் பூ தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். உறை விஷயத்திலும் நீங்கள் முன்னோடிகள். கறுப்பு அங்கிக்குப் பின்னால் ஒடிகத்தியைத் தாங்கும் அந்தப் பித்தளைத் 'தோடங்' இருக்கிறதே, ஆடினாலும் ஓடினாலும் கத்தி நழுவாது. பெங்களூரு ஹோல்ஸ்டர்காரர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

ஹெப்பால் வாசகர்: ஜேம்ஸ் பாண்டின் ஹோல்ஸ்டர் எந்தக் கம்பெனி? அதே வேண்டும்.

வேண்டாம், பாண்டுக்கே அது பொருந்தவில்லை! ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற கிளாஸ்கோ துப்பாக்கி நிபுணர் 1956இல் கதாசிரியர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். பாண்டின் பெரெட்டா பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, மெல்லிய தோல் உறையும் மோசம் என்றார். நல்ல ரிவால்வரும் அதற்கு 'பெர்ன்ஸ்-மார்ட்டின்' உறையும் சிபாரிசு செய்தார். ஃபிளெமிங் உறையை ஏற்றுக்கொண்டார், துப்பாக்கியை மாற்றிவிட்டார். 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்ட் கையில் வால்தர் பிஸ்டல். உறையோ ரிவால்வருக்கென்று செய்தது. நன்றிக்கடனாகக் கதையில் ஒரு மேஜருக்கு பூத்ராய்டு என்று பெயர் வைத்தார்.

நாவலில் இப்படி நடந்தால் வாசகர் கடிதம் வரும். நிஜத்தில் நடந்தால் ஆம்புலன்ஸ் வரும். மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

விஜயநகர் வாசகர்: லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லர் பக்தன் நான். தொடையில் வார் கட்டித் தொங்கும் உறை கிடைக்குமா?

நானும் சிவகாசிப் பார்சலுக்குக் காத்திருந்தவன்தான். ஆனால் அந்தத் தொங்கல் உறை அமெரிக்காவின் மேற்கில் பிறந்ததைவிட ஹாலிவுட்டில் வளர்ந்ததே அதிகம். 1950களில் ஆர்வோ ஓஜாலா என்பவர் தோலுக்குள் தகடு வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உருவுகிற உறையை நடிகர்களுக்காகச் செய்து கொடுத்தார். நிஜக் கௌபாய்கள் மாடு மேய்த்தவர்கள். குதிரை குலுங்கினாலும் விழாத, புழுதி புகாத ஆழமான உறையை இடுப்போடு இறுக்கிக் கட்டினார்கள். ஜெய்சங்கர் 'கங்கா'வில் போட்டது ஹாலிவுட் வழி. நீங்கள் மாடு மேய்த்தவர் வழியில் போங்கள்.

சாம்ராஜ்பேட்டை வாசகர்: வேகமாக உருவ முடியாத உறையால் ஆபத்து நேரத்தில் என்ன பயன்?

ஒரு நாளைக்கு எத்தனை முறை உருவுகிறீர்கள்? லைசென்ஸ் வைத்திருக்கும் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க ஆபத்தில் ஒருமுறை கூட உருவுவதில்லை. ஆனால் தினமும் குனிகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், பேரனைத் தூக்குகிறார்கள், கூட்டத்தில் இடிபடுகிறார்கள். உறையின் வேலை அந்த நேரங்களில்தான். துப்பாக்கியை எடுப்பதற்காக உறை தேடுகிறவர் அதிக விலை கொடுத்து ஏமாறுவார். எடுக்காமலே ஒரு நாளைக் கழிப்பதற்காகத் தேடுகிறவருக்குக் குறைந்த விலையிலேயே நல்லது கிடைக்கும். பெருவிரலால் நெம்பித் திறக்கும் ஒரு டிச் பட்டன் வார் போதும்.

ஸ்ரீராமபுரம் வாசகி: ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்கும் உறைக்கும் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வைக்கலாம், உறையின் மேலே ஒரு பொட்டு. கறை போகாது, பக்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி மேல் ஈரச் சந்தனம் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டவே வேண்டாம், துரு பிடிக்கும். தோட்டா இல்லாத துப்பாக்கியையே சாமிக்கும் பிடிக்கும்.

மர்ஃபி டவுன் வாசகர்: என்னிடம் துப்பாக்கியும் இல்லை, லைசென்ஸும் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. இத்தனை பதில்களையும் படித்ததற்கு எனக்கு என்ன லாபம்?

பெல்ட் கட்டுகிறீர்கள் அல்லவா? அடுத்த முறை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒருவர் "சார், ஒரிஜினல் லெதர், லைஃப் டைம்" என்று நீட்டினால், ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "நடுவில் நீலம் ஓடுகிறதே, குரோம்தானே?" என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் விலை இறங்கும். இந்த வார இதழின் காசு அதிலேயே வந்துவிடும்.